பாயும் நாய், கடிக்கும் நாய்: வீட்டார் எல்லோரும் சேர்ந்து திருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே நாய் பறந்து வந்து மார்பில் கால் வைக்கிறது. வேட்டி கிழிகிறது, பள்ளிச் சீருடையில் சேறு அப்புகிறது, கீரை விற்க வந்த அம்மா கூடையோடு தடுமாறுகிறார். குட்டியாக இருந்தபோது இதே பாய்ச்சலைத்தான் வீடே ரசித்தது, அள்ளித் தூக்கிக் கொஞ்சியது. மூன்று கிலோ எடையில் செல்லமாகத் தெரிந்தது முப்பது கிலோவில் குற்றமாகிவிடுகிறது. இடையில் நாய்க்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.

நாய் பாய்வதும் கடிப்பதும் அதனால் ஏதோ ஒன்று கிடைப்பதால்தான். நம் கவனம் கிடைக்கிறது, கை மேலே படுகிறது, விளையாட்டு தொடங்குகிறது. பயந்த நாயாக இருந்தால், அதைப் பயமுறுத்திய ஆள் விலகிப் போகிறார். அந்த ஆதாயத்தை நிறுத்திவிட்டு, அதே ஆதாயம் வேறொரு நல்ல செயலால் கிடைக்கும் என்று காட்ட வேண்டும். கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கின்றன. தாத்தா முதல் பேரன் வரை வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் அது நடக்கும். ஒருவர் திருத்த, இன்னொருவர் கெடுத்தால் தலைகீழாக நின்றாலும் பலன் இராது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நாய்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக வாழ்கின்றன. ஊருக்கு வெளியே நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கும் கொட்டாய்களில், பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து இரவில் அவிழ்த்துவிடப்படும் காவல் நாய் ஒன்று. ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்பில், கணவனும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு மாலை வரை தனியாக அடைபட்டிருக்கும் லாப்ரடார் இன்னொன்று. பார்த்தால் வெவ்வேறு வாழ்க்கை. ஆனால் பகல் முழுவதும் வேலையும் இல்லை, ஆளும் இல்லை என்பது இரண்டுக்கும் பொது. மாலையில் ஓர் ஆள் கண்ணில் பட்டதும் அந்த நாள் முழுவதும் தேக்கிவைத்ததெல்லாம் பாய்ச்சலாக வெளிவருகிறது.

பயிற்சிக்கு முன்: தடுப்பூசியும் உடல்நலமும்

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போட்டுவர வேண்டும். தடுப்பூசி போடாத நாய்க்குக் கடி பற்றிய பயிற்சி எதையும் தொடங்க வேண்டாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை இருக்கிறது.

பயிற்சியின்போது பல் பட்டுத் தோல் கிழிந்தால், நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விடுங்கள். அங்கே தோலுக்குள் செலுத்தும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆம் நாட்களில் இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தும் தேவைப்படும். கடித்த நாயை 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை.

இன்னொன்று. சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதல் சந்தேகம் வலியின் மேல் இருக்கட்டும். காதுக்குள் சீழ், உண்ணிக் காய்ச்சல், பாதத்தில் ஒடிந்து நிற்கும் சீமைக்கருவேல முள், வயதான நாயென்றால் மூட்டு வலி. வலிக்கும் இடத்தைத் தொட்டதால் கடித்த நாய்க்கு எத்தனை பயிற்சி தந்தும் பயனில்லை, மருந்துதான் வேண்டும். குணமாற்றத்தோடு எச்சில் ஒழுகுதல், தாடை தொங்குதல், தண்ணீர் விழுங்க முடியாமை, தள்ளாட்டம் இருந்தால் கிட்டே போகாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இது எந்தக் கடி?

கடி என்ற ஒரே சொல்லால் நாம் பல வேறு செயல்களைக் குறிக்கிறோம். பிரித்துப் பார்க்காமல் மருந்து தேடினால் நோய் ஒன்று, வைத்தியம் வேறொன்று ஆகிவிடும்.

குட்டி விளையாட்டில் வாய் வைப்பது முதல் வகை. உடல் தளர்ந்து, வால் ஆடி, முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வுவதும், நடக்கும்போது முந்தானையைப் பிடித்து இழுப்பதும் இதோடு சேர்ந்ததே. அசைவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். பயத்தில் கடிப்பது இரண்டாவது. இதில் நாய் முதலில் பின்வாங்கும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கும். தட்டையோ எலும்பையோ படுக்கும் இடத்தையோ விட்டுக்கொடுக்காமல் கடிப்பது மூன்றாவது. உடல் விறைத்து, தட்டின் மேல் குனிந்து, அவசர அவசரமாக விழுங்கும். சங்கிலியிலோ கேட்டின் உள்ளேயோ இருந்து கொண்டு போவோர் வருவோரைப் பார்த்துத் துள்ளித் துள்ளிக் கோபம் ஏறிய நாய், கையில் கிடைத்தவரைக் கடிப்பது இன்னொரு வகை. சமாதானம் செய்யப்போன வீட்டாரே அதற்குப் பலியாவது உண்டு.

நாய் நடத்தை வல்லுநர் இயன் டன்பார் கடிகளை ஆறு நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் பல் தோலில் படவே இல்லை. இரண்டாவதில் பட்டது, ஆனால் துளை இல்லை. மூன்றாவதில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை. நான்காவதில் துளை அதைவிட ஆழம். அதற்கு மேல் பல கடிகள், உயிரிழப்பு என்று போகிறது. முதல் இரண்டு நிலைகளை வீட்டிலேயே திருத்தலாம். மூன்றாவது என்றால் கூட ஒரு வல்லுநர் வேண்டும். நான்காவதற்குப் போன நாயை வைத்துக்கொண்டு தனியாகச் சோதனை செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சங்கிலி, நடை, தூக்கம்

பயிற்சியைவிட இந்தப் பகுதிதான் பாதி வேலையைச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. பகல் முழுவதும் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கும் நாயிடம் மாலையில் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. கட்டிப்போட்டால்தான் காவலுக்குக் கோபம் வரும் என்று கொட்டாய் வீடுகளில் சொல்வார்கள். வருகிற கோபத்துக்குத் திருடன் யார், பேத்தி யார் என்று தெரியாது. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதையும் 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கொடுமை என்றே சொல்கிறது. கம்பிவேலி போட்ட ஒரு மூலை, நிழலுக்கு ஒரு கூரை, ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவு இருந்தால் சங்கிலி தேவையில்லை.

காலை ஒரு நடை, மாலை ஒரு நடை. கோடையில் தருமபுரி, அரூர் பக்கம் காலை ஏழு மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் போங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நடையில் அவசரப்படுத்தாதீர்கள், மோப்பம் பிடிக்க விடுங்கள். நாயின் மூளைக்கு அதுதான் வேலை. வேகமாக இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட அரை மணி நேர மோப்ப நடையில் நாய் நன்றாகக் களைப்படையும்.

குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டைச் சுற்றி ஓடி எல்லோர் காலையும் கடிக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் கெட்ட குட்டி. அதை இன்னும் விளையாட வைத்துக் களைக்கச் செய்யப் பார்ப்பார்கள், கடி கூடும். இருட்டான அமைதியான மூலையில் விட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் உறங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

ஆறடி நீளமுள்ள துணிக் கயிறு, மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை, ஒரு பழைய கோணிச்சாக்கு, தின்பண்டம். தின்பண்டத்துக்கு உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி வையுங்கள். அவித்த முட்டையும் ஆகும். தினமும் ராகிக் களியும் தயிரும் சாப்பிடும் நாய்க்குக் கோழித் துணுக்கு பெரிய பரிசு. பயிற்சியில் தந்த அளவை இரவு உணவில் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு.

அடுத்தது வீட்டுக் கூட்டம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்துக் கட்டளைச் சொற்களை முடிவு செய்யுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ஒரே வீட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். மூன்று மொழியில் மூன்று பேர் கட்டளையிட்டால் நாய் எதைத்தான் கேட்கும்? ஏதாவது ஒரு மொழியில் 'உட்கார்', 'விடு', 'சாக்கு' ஆகிய மூன்று சொற்கள் போதும். அவற்றைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். 'பாய்ந்தால் யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, பேசக் கூடாது' என்று அதன் கீழே எழுதுங்கள். 'சும்மா இரு' என்று அதட்டுவதும் பேச்சுதான். இரண்டு கையால் தள்ளிவிடுவதும் தொடுவதுதான். நாய்க்கு அது விளையாட்டு அழைப்பு.

பாய்ச்சலை மாற்றும் படிகள்

முதல் படி, பாய வாய்ப்பே தராமல் இருப்பது. பாய்ந்து வெற்றி பெறும் ஒவ்வொரு தடவையும் நாய்க்கு ஒரு பாடம். ஆகவே பயிற்சி முடியும்வரை, விருந்தாளி வரும் முன்பே நாய் கயிற்றில் இருக்க வேண்டும், அல்லது உள்ளறையில் இருக்க வேண்டும். இது தண்டனை இல்லை என்பதால் உள்ளே மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டாம் படி, நான்கு காலும் தரையில். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மார்புப் பட்டையில் கயிற்றை மாட்டித் திண்ணைத் தூணில் கட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று மெதுவாக நாயை நோக்கி நடங்கள். அது எம்பினால் அந்த விநாடியே திரும்பி இரண்டு எட்டு பின்னால் போங்கள். ஒரு சொல்லும் வேண்டாம். கால்கள் தரைக்கு வந்ததும் மறுபடி முன்னேறுங்கள். இங்கே கண் முழுக்க நாயின் தோள்மீது இருக்கட்டும். பாய்வதற்கு முன் நாய் எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றும். தோள் சற்றே உயரும், காது முன்னால் விறைக்கும், முன்பாதம் ஒரு விரற்கடை தரையை விட்டுக் கிளம்பும். அந்த அசைவைக் கண்டதுமே நின்றுவிட்டால் பாய்ச்சல் பாதியிலேயே அடங்கும். பாதம் மீண்டும் தரையில் பதிந்த நொடியில் 'சபாஷ்' என்று சொல்லித் தின்பண்டத்தை அதன் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாயும் கையைத் தேடி உயரும். தரையில் வைத்தால் மூக்கும் மனமும் தரைக்குப் போகும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் படி, உட்கார்ந்து வணக்கம் வாங்குவது. உட்கார்ந்திருக்கும் நாயால் அதே நேரத்தில் பாய முடியாது. தின்பண்டத்தை மூக்கின் எதிரே காட்டி, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெதுவாக நகர்த்தினால் தலை உயரும், பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். அமர்ந்த பிறகு கொடுங்கள். முதுகை அழுத்தி உட்காரவைக்க வேண்டாம். கையசைவுக்கே உட்காரத் தொடங்கிய பிறகுதான் 'உட்கார்' என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு உணவுத் தட்டு வைக்கும் முன், கதவு திறக்கும் முன், கயிறு மாட்டும் முன் எல்லாவற்றுக்கும் உட்கார்வதுதான் அனுமதிச் சீட்டு என்று ஆகட்டும்.

நான்காம் படிதான் வீட்டாரைச் சோதிக்கும். நீங்கள் வேலை முடிந்து வரும்போது நாய் பாய்ந்தால், கைகளைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்றுவிடுங்கள். மறுபக்கம் வந்து பாய்ந்தால் மறுபடி திரும்புங்கள், அல்லது கேட்டுக்கு வெளியே போய்த் தாழிட்டு நில்லுங்கள். நான்கு காலும் தரைக்கு வந்ததும் உள்ளே வந்து குனிந்து மார்பின் அடியில் தடவிக்கொடுங்கள். தொடங்கிய சில நாட்களில் பாய்ச்சல் குறையாது, கூடும். குரைப்பும் சேரும். இத்தனை நாள் பலித்த வழி பலிக்காமல் போனதும் நாய் அதையே இன்னும் வேகமாகச் செய்து பார்க்கிறது. அணையப்போகும் விளக்கு ஓங்கி எரிவது போன்றது இது. பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் 'பயிற்சி பலிக்கவில்லை' என்று கைவிடுகிறார்கள். அல்லது அன்று ஒரு நாள் பாவம் பார்த்துக் கொஞ்சிவிடுகிறார்கள். பத்துத் தடவைக்கு ஒரு தடவை கிடைக்கும் கொஞ்சல், எப்போதும் கிடைக்கும் கொஞ்சலைவிட ஆபத்தானது. எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் நாய் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

ஐந்தாம் படி, சாக்கு. வாசலிலிருந்து எட்டடி தள்ளிக் கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் தின்பண்டம் போடுங்கள். நாய் அதில் ஏறியதும் இன்னொன்று, படுத்தால் இன்னும் இரண்டு. சாக்கைப் பார்த்தாலே போய்ப் படுக்கும் அளவுக்குப் பழகியதும் தாழ்ப்பாள் சத்தத்தைச் சேருங்கள். வீட்டில் ஒருவர் வெளியே நின்று தாழ்ப்பாளை ஒரு தடவை தட்டட்டும். உள்ளே இருப்பவர் 'சாக்கு' என்று சொல்லி அழைத்துப்போய்ப் பரிசு தரட்டும். இதைத் தினமும் செய்துவந்தால் தாழ்ப்பாள் சத்தமே சாக்குக்கு ஓடச் சொல்லும் கட்டளை ஆகிவிடும்.

கடைசிப் படி உண்மையான விருந்தாளி. முதலில் நாய்க்குத் தெரிந்தவர்கள், பிறகு பால்காரர், பிறகு புதியவர்கள். மாமா வந்தார், நாய் பாய்ந்தது, 'பரவாயில்லை, எனக்கு நாய் என்றால் உயிர்' என்று அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்றால் அத்தனை நாள் உழைப்பும் வீண். அன்பானவர்கள்தான் இந்தப் பயிற்சியை அதிகம் கெடுக்கிறார்கள். கேட்டிலேயே சொல்லிவிடுங்கள்: 'மாமா, அவன் உட்கார்ந்த பிறகு தொடுங்கள்.' மே, ஜூன் மாதங்களில் மாங்காய் பறிக்கவும் லாரியில் ஏற்றவும் ஆட்கள் வந்துபோகும் தோப்புகளில் இந்தப் பழக்கத்தைச் சீசனுக்கு முன்பே முடித்துவைப்பது நல்லது. அத்தனை புது முகங்களை ஒரே வாரத்தில் சமாளிப்பது எந்த நாய்க்கும் கடினம்.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். இரண்டாம் படிக்குத் திரும்பிப்போய்ச் செய்யுங்கள், விரைவில் மீண்டுவிடும்.

குட்டியின் வாய்

பால் பற்கள் 28. ஏறத்தாழ நான்காவது மாதத்திலிருந்து அவை விழுந்து, ஏழாவது மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்துவிடும். ஈறு ஊறும் அந்தக் காலத்தில் கண்டதையும் கடிக்கும். கடிக்காதே என்று சொல்வதைவிட எதைக் கடிக்கலாம் என்று காட்டுவது எளிது. பருத்தித் துணியை முறுக்கி நனைத்துக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுங்கள். தடித்த கேரட் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும், வேண்டாம். நம் பக்கத்தில் சிறப்பாகச் சொல்ல வேண்டியது மாங்கொட்டை. சப்பிப்போட்ட கொட்டையைக் குட்டி ஆசையாகத் தூக்கிக்கொண்டு ஓடும், விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். மாம்பழக் காலத்தில் கொட்டைகளை மூடிபோட்ட தொட்டியில் போடுங்கள்.

கடியின் அழுத்தத்தைக் குட்டி முதலில் கற்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும். வலிக்கக் கடித்தால் மற்றது விளையாட்டை நிறுத்திவிடும். எட்டு வாரத்துக்கு முன் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றிருக்கும், அதை நாம் முடித்துவைக்க வேண்டும். விளையாடும்போது பல் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் இரை ஓடுகிறது என்று குட்டி துரத்தும். கையைத் தளரவிட்டு அசையாமல் இருங்கள், குட்டி விட்டதும் எழுந்து தடுப்புக்கு அப்பால் போய் இருபது விநாடி நில்லுங்கள். திரும்பி வந்து பொம்மையைக் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். 'ஐயோ' என்று கத்தினால் சில குட்டிகள் நிறுத்தும், சில இன்னும் உற்சாகமாகும். உங்கள் குட்டி எந்த ரகம் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். விரல்களை ஆட்டிக் கடிக்கவிட்டு விளையாடும் பழக்கம் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

முந்தானையையும் வேட்டி நுனியையும் பிடிக்கும் குட்டிக்கு, மூங்கில் குச்சியின் நுனியில் கயிறு கட்டி அதில் துணியை முடிந்து தரையில் இழுத்துக் காட்டுங்கள். துரத்தும் ஆசை அங்கே தீரும். நடுநடுவே துணியை அசைக்காமல் நிறுத்தி, 'விடு' என்று சொல்லி மூக்கருகே கோழித் துணுக்கைக் காட்டுங்கள். வாய் திறந்ததும் கொடுத்துவிட்டு மறுபடி துணியை ஓடவிடுங்கள். விட்டால் இழப்பு இல்லை, திரும்பவும் கிடைக்கிறது என்று புரிந்த நாய் பின்னாளில் செருப்பையும் தயங்காமல் விடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு சட்டம் மீறவே கூடாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் சிறு குழந்தையையும் நாயையும் ஒரே இடத்தில் விடக் கூடாது, நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். நாய் துரத்தினால் ஓடாமல் கைகளை உடம்போடு ஒட்டி, தரையைப் பார்த்து மரம்போல் நிற்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். தூங்கும் நாயைத் தொடாதே, தின்னும் நாயிடம் போகாதே, கட்டிப்பிடிக்காதே. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு, பல நாய்களுக்கு அகப்பட்டுக்கொண்ட உணர்வு.

உறுமும் நாய், தட்டைக் காக்கும் நாய்

உறுமலுக்கு நாயை அடிக்காதீர்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகு' என்று நாய் சொல்லும் நாகரிகமான வழி அது. அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் பல் வந்து பதியும். உறுமினால் விலகுங்கள், எதற்காக உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்களைக் கண்டு பயந்து பாயும் நாய்க்குத் தூரம்தான் மருந்து. ஆள் கண்ணில் பட்டும் நாய் அமைதியாக இருக்கும் தூரம் எது என்று பாருங்கள். நூறடியாக இருந்தாலும் சரி, அங்கிருந்து தொடங்குங்கள். ஆள் தெரிந்ததும் கோழித் துணுக்கு தொடர்ந்து வரும், ஆள் மறைந்ததும் நின்றுவிடும். நாளடைவில் ஆளைப் பார்த்ததும் நாய் உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பல் வந்த பிறகே ஐந்தடி நெருங்குங்கள். வந்தவரே கையில் தின்பண்டம் நீட்டுவது வேண்டாம், ஆசையில் நெருங்கிய நாய் தின்றதும் பயந்து கடிக்கலாம். தீபாவளிப் பட்டாசு, எருது விடும் விழாக் கூட்டம் போன்ற நாட்களில் பயிற்சியே வேண்டாம். உள்ளறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

தட்டில் கையை விட்டுக் களியை அளைந்து 'பழக்கப்படுத்தும்' வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தட்டைக் காக்கும் குணத்தை வளர்க்கவே செய்யும். மாறாக, நாய் சாப்பிடும்போது தொலைவில் நடந்துபோய், தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். நீங்கள் வருவதைக் கண்டு உடல் தளர்ந்து வால் ஆடினால் ஓரடி குறையுங்கள். விறைத்தால் தள்ளிப் போங்கள்.

அடித்தால் அடங்குமா?

பாயும்போது முழங்காலால் மார்பில் இடிப்பது, பின்னங்காலை மிதிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கத் தள்ளி அமுக்குவது எல்லாம் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நாய் நம்மை ஆளப் பார்க்கிறது, நாம் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் இவற்றின் வேர். அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து 1947 இல் ருடால்ஃப் ஷெங்கெல் எழுதிய ஆய்விலிருந்து அந்த எண்ணம் பரவியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு ஆராய்ந்த டேவிட் மெக் 1999 இல் அதைத் திருத்தினார்: ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம், பதவிக்காகச் சண்டையிடும் கும்பல் அன்று. நம் வாசலில் பாயும் நாய்க்கும் ஆட்சி ஆசை எதுவும் கிடையாது. முகம் எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பச்சைக் கறி போட்டால் வெறி ஏறும் என்பதும், விதையடித்தால் கடி நின்றுவிடும் என்பதும் அப்படியே நம்பத் தக்கவை அல்ல. கருத்தடைக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, செய்யுங்கள். ஆனால் பயத்தில் கடிக்கும் நாயை அது திருத்தாது.

கடித்த பழக்கம் உள்ள நாய்க்கு வெளியே போகும்போது வாய்க்கவசம் போடுவதில் வெட்கம் வேண்டாம். கூடை வடிவில் உள்ளதாக வாங்குங்கள். அதில் நாய் வாய் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணிக் கவசம் நம் கோடை வெயிலில் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் நாக்கை நீட்டி இரைத்துத்தான் நாய் உடல் சூட்டைத் தணிக்கிறது. கவசத்துக்குள் தின்பண்டம் வைத்து, நாயே மூக்கை நுழைக்கும் வரை சில நாட்கள் பழக்கிய பிறகு வாரை மாட்டுங்கள்.

பயிற்சியாளரைத் தேடும்போது

துளை விழும்படி கடித்தது, குழந்தையை நோக்கி உறுமுகிறது, காரணம் பிடிபடவே இல்லை என்றால் தாமதிக்க வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவர், பிறகு பயிற்சியாளர். பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நாய் தவறு செய்தால் என்ன செய்வீர்கள்? பயிற்சியின்போது நான் உடன் இருக்கலாமா? முதல் கேள்விக்கு அடி, முள் பட்டை, மின்சாரப் பட்டை என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரு மாதம் நாயை மட்டும் விட்டுப் போங்கள், திருத்தித் தருகிறேன் என்பவரும் வேண்டாம். அங்கே அவருக்குக் கட்டுப்படும் நாய், வீட்டுக்கு வந்ததும் அதே தாழ்ப்பாள் சத்தத்துக்கு அதே மனிதர்கள் மேல் மறுபடி பாயும். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் வாசலில், தாத்தா கையிலும் பிள்ளைகள் கையிலும் கயிற்றைக் கொடுத்துச் சொல்லித்தருபவரைத் தேர்ந்தெடுங்கள்.